ஆறாம் வகுப்புக்கு எந்தப் பக்கம்?

மே மாதம் பிறந்தால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் பேசும் எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையின் கடைவீதியில் ஃபிளக்ஸ் பலகைகள் முளைத்துவிடும். ஒரு பலகையில் 'ஃபுல் ஏ பிளஸ்' (எல்லாப் பாடத்திலும் உச்ச கிரேடு) வாங்கிய பிள்ளைகளின் முகங்கள். அடுத்ததில் பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளியின் வேன் எந்தெந்த ஊர் வழியாக வரும் என்ற விவரம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அப்பா அம்மாவுக்கு எதை நம்புவது என்றே தெரியாது. இந்த வருடம் என் தங்கை அந்த இடத்தில் நிற்கிறாள். "அண்ணா, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள். முடிவை நான் சொல்லிவிட்டால் பிற்பாடு பழியும் எனக்குத்தான் வரும். அதனால் யோசித்ததை எழுதிக் கொடுத்தேன். சித்தூர் தாலுகாவில் (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், ஆந்திரச் சித்தூரை அல்ல) இதே கேள்வியோடு இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதால் அதையே கொஞ்சம் விரித்துப் போடுகிறேன்.

எங்கள் ஊர்களில் நாலு வழி இருக்கிறது. உள்ளூர் அரசுப் பள்ளியின் தமிழ் டிவிஷன், அதாவது தமிழ் வழிப் பிரிவு. அதே பள்ளியிலோ அடுத்த ஊர்ப் பள்ளியிலோ ஆங்கில டிவிஷன். அங்கே தமிழ் ஆசிரியர் இருந்தால் தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம். எல்லை தாண்டித் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. கடைசியாக, இரண்டு மாநிலத்திலும் வேன் அனுப்பிப் பிள்ளை சேர்க்கும் தனியார் ஆங்கிலப் பள்ளி.

கடைசி வழியை முதலில் முடித்துவிடுகிறேன். பணம் தாராளமாக இருந்து, வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தால் அது நன்றாகவே நடக்கும். அந்த ஆள் இருக்கிற வீட்டில் வேறு எந்தப் பள்ளியும் நன்றாக நடக்கும். பலகையில் தெரியும் மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பக்குவமாகப் பேசி டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தில் நூற்றுக்கு நூறு என்று பலகை வைக்கும் வழக்கமும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலகையில் இருப்பவர்களை எண்ணும்போது, ஆறில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். தங்கை வீட்டு வருமானத்துக்கு இது ஆகாது. மற்ற மூன்றுக்கு வருவோம்.

டீக்கடையில் முதலில் வரும் வாதம் தேர்ச்சி விகிதம். 2025-ல் கேரள எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.5 சதவீதம். தமிழ்நாட்டில் அதே ஆண்டு 93.8. ஒரு கட்சிக்காரர் கேரளப் பள்ளியே உசத்தி என்பார். எதிர்க்கட்சி, கேரளத்தில் எல்லோரையும் பாஸ் போட்டுவிடுகிறார்கள் என்று சிரிக்கும். இரண்டு பேருமே இரண்டு வெவ்வேறு அளவுகோலை வைத்து ஒரே துணியை அளக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். கேரளத்தில் நூறு மதிப்பெண் பாடத்தில் இருபது, பள்ளியே போடும் தொடர் மதிப்பீட்டு மதிப்பெண். மீதி எண்பதுதான் எழுத்துத் தேர்வு. இரண்டையும் கூட்டி முப்பது வந்தால் பாஸ். பள்ளி இருபதுக்கு இருபது போட்டுவிட்டால், தேர்வுத்தாளில் எண்பதுக்குப் பத்து எடுத்தால் போதும் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்து எடுக்க வேண்டும். ஆக, 99.5-ஐயும் 93.8-ஐயும் பக்கத்தில் வைத்து எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று சொல்லவே முடியாது.

கேரள அரசுக்கே இது உறுத்தியிருக்கிறது. எழுத்துத் தேர்வில் தனியாக முப்பது சதவீதம் எடுத்தாக வேண்டும் என்று 2024-ல் முடிவெடுத்து, அந்த ஆண்டு எட்டாம் வகுப்பிலும் அடுத்த ஆண்டு ஒன்பதிலும் கொண்டுவந்து, 2026-27-ல் பத்தாம் வகுப்புக்கும் என்று அறிவித்தார்கள். இனி எண்பதுக்கு இருபத்து நாலு. இப்போது ஆறில் சேரும் பிள்ளை எழுதப்போவது இந்தப் புது விதியில். அண்ணன் மகன் ஜாலியாகப் பாஸானான் என்பதை வைத்துத் தங்கச்சி மகளுக்குத் திட்டம் போடக்கூடாது.

தமிழ்நாட்டுப் பக்கம் மார் தட்டுகிறவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2009 சுற்றின் நீட்டிப்பு அது. எழுபத்துச் சொச்சம் இடங்களில் இரண்டும் கடைசி வரிசை. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லப்பட்டது. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் படித்ததைப் புரிந்து பதில் சொல்லும் கேள்விகளில் அத்தனை பின்னால் போனதற்கு அது ஒன்றே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. கேரளம் அந்தத் தேர்வையே எழுதவில்லை. அதனால் இந்தப் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மாநில விகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, நம் கையில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்போம். ஒரு சாயந்திரம் தங்கை மகளை உட்காரவைத்து ஒரு கணக்கை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டரை மீட்டர் துணி இருக்கிறது. ஒரு பைக்குக் கால் மீட்டர் வேண்டும். எத்தனை பை தைக்கலாம்? அவள் இரண்டு எண்ணையும் பார்த்தாள், பெருக்கினாள், விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டாள். கோடு நேராக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே கணக்கைத் தமிழில் சொன்னேன். விரலால் தரையில் துண்டு துண்டாக அளந்து, "பத்து மாமா" என்றாள். பேனாவையே எடுக்கவில்லை.

இது ஒரு பிள்ளை, ஒரு சாயந்திரம். இதை வைத்துத் தாய்மொழிக் கல்வியே சிறந்தது என்று மேடை போட முடியாது. ஆனால் இந்தப் பிள்ளைக்கு இன்றைய தேதியில் கணக்கும் அறிவியலும் எந்த மொழியில் உள்ளே போகும் என்பதற்கு இதைவிட நல்ல தகவல் எந்த ஃபிளக்ஸிலும் கிடைக்காது. யுனெஸ்கோ 1953-ல் வெளியிட்ட அறிக்கை தொடங்கி 2020 தேசியக் கல்விக் கொள்கை வரை ஆரம்பக் கல்வி தாய்மொழியில் என்றே சொல்கின்றன. நம் அரசியலமைப்பில் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்பில் தாய்மொழியில் கற்பிக்கும் வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோதே சேர்த்த பிரிவு அது. கொச்சி ராஜ்யத்தில் இருந்த சித்தூர் அப்படியே கேரளத்தோடு போனதும் அதே வருடம்தான். அந்தப் பிரிவு 'ஆரம்ப வகுப்பு' என்பதோடு நின்றுவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் நாம் கேட்பது உரிமையா சலுகையா என்ற சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, தமிழ் டிவிஷனுக்குள் போய்ப் பார்ப்போம். புத்தகங்கள் கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ் வடிவம், எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாளும் தமிழில் வரும். முதல்மொழியில் தமிழுக்கே இரண்டு புத்தகம், மலையாளத்துக்குக் 'கேரளா ரீடர்'. ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நடப்பில் எல்லாம் ஆசிரியரைப் பொறுத்தது. தமிழ் தெரிந்த கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் நிரந்தரமாக இருந்தால், இந்தத் தாலுகாவில் கிடைக்கும் நல்ல படிப்பு அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். இடம் காலியாக இருந்து, தினக்கூலி ஆசிரியர் வருடத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருந்தாலோ, தமிழ் வாசிக்கத் தெரியாதவர் தமிழ்ப் புத்தகத்தைப் பிள்ளைகளை விட்டே வாசிக்கச் சொல்லி மலையாளத்தில் விளக்கினாலோ, பெயர்தான் தமிழ் டிவிஷன். பிள்ளை இரண்டு மொழியிலும் பாதி பாதியாகத் தெரிந்துகொண்டு வெளியே வரும்.

இதை யாரிடம் கேட்பது? பள்ளிக்கூடத்தில் கேட்டால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. கேரளத்தில் ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று நிர்ணயம். ஒரு பிள்ளை குறைந்து ஒரு டிவிஷன் போனால் ஒரு டீச்சரின் இடம் ஆட்டம் காணும். அதனால்தான் ஏப்ரல், மே வெயிலில் டீச்சர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். நம் பிள்ளைமேல் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் சொல்வதை, இடத்தைக் காப்பாற்ற வேண்டியவர் சொல்வதாகவும் சேர்த்துக் கேட்க வேண்டும். வேன் வைத்திருப்பவர் சொல்வதையும் அப்படித்தானே கேட்கிறோம்?

விளம்பரம் இல்லாத தகவலும் கிடைக்கிறது. கேரளக் கல்வித் துறையின் கைட் நிறுவனம் நடத்தும் 'சமேதம்' இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்று பார்க்கலாம். ஒன்றாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் ஆள் தேய்ந்துகொண்டே வந்தால், நாலு வருடம் கழித்து ஐந்தில் என்ன ஆகும் என்று யூகிக்கலாம். ஆசிரியர் பணியிடத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தமிழ் வழிக் கணக்கு, அறிவியல் பணியிடங்கள் எத்தனை, எத்தனை நிரந்தரம், எத்தனை நாள் காலியாக இருந்தன என்று மூன்று கேள்வி. முப்பது நாளில் பதில் வர வேண்டும். பிப்ரவரியில் போட்டால் சேர்க்கைக்கு முன்னால் கையில் இருக்கும். மே மாதக் கடைசியில் போட்டால் பதில் வரும்போது பிள்ளை யூனிஃபார்ம் தைத்து முடித்திருக்கும்.

ஆங்கில டிவிஷனைப் பற்றி எனக்கு இரண்டு மனம். பிளஸ் ஒன் வந்ததும், அதுவும் சயன்ஸ் எடுத்தால், புத்தகம் ஆங்கிலம்தான். இன்றைக்கோ நாளைக்கோ அந்தத் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். அதற்கு ஆறிலேயே தள்ளிவிட வேண்டுமா, ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாகச் சொல்லிக்கொடுத்துப் பதினொன்றில் இறக்கலாமா என்பது வேறு கேள்வி. டீக்கடையில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகிறது. எங்கள் பக்கத்து ஆங்கில டிவிஷனில் டீச்சர் விளக்குவது பெரும்பாலும் மலையாளத்தில். புத்தகம் ஒரு மொழி, விளக்கம் ஒரு மொழி, வீடு ஒரு மொழி. தங்கை மகளுக்கு மலையாளம் காதில் விழும் அளவுக்குத்தான் தெரியும். மலையாளம் சரளமாகப் பேசும் பிள்ளையாக இருந்து, தமிழ் டிவிஷனில் ஆசிரியரும் இல்லையென்றால், நானே ஆங்கில டிவிஷனைச் சொல்வேன்.

மலையாளத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 2017-ல் கேரளம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தபோது எங்கள் ஊர்களில் திணிப்பு என்று குரல் எழுந்தது. 2006-ல் தமிழ்நாடு தமிழுக்கு இதே மாதிரிச் சட்டம் போட்டபோது அங்கே உள்ள மலையாளிகளும் தெலுங்கர்களும் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தவர்கள் கம்மி. மலையாளத்தை ஒரு மொழியாகக் கற்பதும், கணக்கையும் அறிவியலையும் மலையாளத்தில் கற்பதும் தனித்தனி விஷயம். முதலாவதால் நமக்கு லாபம்தான். வில்லேஜ் ஆபீசில், பேங்கில், மருத்துவமனையில் இன்னொருவர் வாயை நம்பி நிற்க வேண்டாம். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் (பி.எஸ்.சி.) தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் என்றே தனிப் பணியிடம் உண்டு. தமிழ் வழி எல்.பி. (தொடக்கப் பள்ளி) ஆசிரியர் பணியும் உண்டு. எண்ணிக்கை அதிகமில்லை, ஆனால் போட்டிக்கு வருபவர்களும் இந்த எல்லை ஊர்க்காரர்கள்தான். இரண்டாவதை, அதாவது தமிழ்ப் பிள்ளைக்கு மலையாளத்தில் அறிவியல் நடத்துவதை, விட்டுக்கொடுக்காமல் எதிர்க்கலாம். இரண்டையும் ஒரே கோஷத்தில் போட்டுக் கட்டினால் கேட்க வேண்டிய ஆசிரியர் பணியிடம் மறந்துபோகிறது.

இனி பொள்ளாச்சிப் பக்கம். இழுக்கும் காரணங்கள் கனமானவை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2020-ல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்துவிட்டது. அப்படிப் படித்த பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இருபது சதவீத முன்னுரிமை.

இவற்றில் பெரும்பாலும் ஆறாம் வகுப்பு என்ற சொல் இருக்கிறது. எட்டில் எல்லை தாண்டினால் 7.5 இல்லை, ஆயிரம் ரூபாயும் இல்லை. இருபது சதவீதம் இன்னும் கறார்: 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். பொள்ளாச்சியில் அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்தால் அந்த இருபதும் போய்விடும். எங்கள் தெருவில், "ஏழு வரைக்கும் இங்க படிக்கட்டும், அப்புறம் அந்தப் பக்கம் சேர்த்தா ஒதுக்கீடு வாங்கிக்கலாம்" என்று மூன்று வீட்டில் கேட்டுவிட்டேன். சலுகை, படித்த வருடத்தை எண்ணித் தரப்படுகிறது. நம் எண்ணத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

சாதிச் சான்று இன்னொரு சிக்கல். ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அதே சலுகையைக் கேட்க முடியாது என்று பட்டியல் சாதியினர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்று எல்லாம் கேரளத்தில் இருக்க, பிள்ளை மட்டும் பொள்ளாச்சியில் படித்தால், படிப்புக்கு ஒரு மாநிலம், இட ஒதுக்கீட்டுக்கு இன்னொரு மாநிலம் என்று ஆகிவிடும். பொதுப் பிரிவில்தான் போட்டி போட வேண்டியிருக்கும். அந்தந்த வருட மருத்துவச் சேர்க்கை விவரக்குறிப்பை எடுத்து, இருப்பிடம் பற்றிய பத்தியை வரி வரியாக வாசிக்காமல் இந்த முடிவை எடுக்காதீர்கள். சேர்த்துவிடும் தரகர் அதை வாசித்திருக்க மாட்டார்.

பயணமும் இருக்கிறது. தமிழ்நாட்டு இலவசப் பஸ் பாஸ் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில்தான் செல்லும். எல்லை வரைக்கும் போவது நம் பாடு. ஓணத்துக்கு வீடே லீவில் இருக்கும்போது இவள் மட்டும் காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். சின்ன விஷயம்தான், ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்குச் சின்னதாகத் தெரியாது.

இந்த மூன்றையும் ஒப்பிட நான் கடைசியில் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: தப்பாகப் போனால் திரும்ப முடியுமா? கேரளத் தமிழ் டிவிஷனில் சேர்த்து ஒரு வருடத்தில் சரிப்படவில்லை என்றால், தமிழ்நாட்டுக்குப் போகலாம். மொழி இடிக்காது, எட்டு முதல் பன்னிரண்டு அங்கே படித்தால் பொறியியல் சேர்க்கையில் இருப்பிடச் சான்று கேட்க மாட்டார்கள். இழப்பது 7.5-ம் மாதம் ஆயிரமும். பொள்ளாச்சியில் சேர்த்து எட்டிலோ ஒன்பதிலோ திரும்பினால், மலையாளமும் ஹிந்தியும் விட்டுப்போயிருக்கும். கேரளத்தில் ஐந்திலிருந்து ஹிந்தி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 1968-லிருந்து இரண்டே மொழி. விலக்கு கேட்டு வாங்கலாம்தான். அதோடு கேரளத்தில் வேலைக்குப் போகும் வழியும் குறுகும். ஆங்கில டிவிஷனிலிருந்து தமிழ் டிவிஷனுக்கு மாறுவது காகிதத்தில் சுலபம். தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடு பிள்ளை மாறுவதுதான் கஷ்டம்.

ஆகவே, அந்தப் பக்கம் போவதென்றால் ஆறிலேயே போய், பன்னிரண்டு முடியும் வரை அங்கேயே இருக்க முடிகிற குடும்பம் போகட்டும். அப்பாவுக்கு அங்கே வேலை, பாட்டி வீடு அங்கே, காகிதங்களும் அந்தப் பக்கம் என்றால் தயங்கவே வேண்டாம். தங்கை வீட்டுக்காரர் கள்ளுத் தோப்பில் கணக்கெழுதுகிறார். தோப்பு எங்கேயும் நகராது. அவளுக்கு நான் எழுதிக் கொடுத்தது: உள்ளூர் தமிழ் டிவிஷன், கூடவே வாரத்தில் இரண்டு நாள் மலையாளம் வாசிக்க ஓர் ஆள். கணக்கு, அறிவியல் பணியிடம் இரண்டில் ஒன்றாவது நிரந்தரம் என்று தகவல் உரிமைப் பதில் வந்தால் மட்டும். இரண்டும் காலி என்றால் அவள் மாமியார் சொல்கிறபடி பொள்ளாச்சிதான், அதையும் இந்த ஜூனுக்குள்.

பதில் போன வாரம் வந்தது. அறிவியல் நிரந்தரம், கணக்கு தினக்கூலி. சேர்த்துவிட்டார்கள். கணக்குப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி மனு எழுதி பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள் தங்கை. மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மாமியார் இன்னும் பொள்ளாச்சிக் கட்சிதான்.